ஹைமேச்சியின் அண்டாவில் ஆற்று வேர்

நம்மூர் ஆடியான கர்க்கடகம் பிறந்துவிட்டால், கேரளத்தில் எங்கள் அன்னமநடையில் கல்யாணம் கிடையாது, பால்காய்ச்சு கிடையாது, குழந்தைக்குச் சோறூட்டுகூடக் கிடையாது. மழைதான். அந்த மாசம் முழுக்க ஹைமவதியின் பாத்திரங்கள் கொட்டகையில் குப்புறக் கிடக்கும். அண்டா, உருளி, தோணி மாதிரி நீளமான சோற்றுத் தொட்டி எல்லாவற்றின் முதுகிலும் ஓட்டுச் சொட்டு விழும். எதிரே என் தையல் மிஷின் நின்ற நேரமெல்லாம் ‘டொங், டொங்’ என்று அந்தச் சத்தம் காதில் விழும்.

அவளை ஊரில் எல்லாரும் ஹைமேச்சி என்பார்கள், சேச்சி என்றால் இங்கே அக்கா. விருந்துப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். திரும்பி வருகிற பாத்திரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். எங்கே நசுங்கியிருக்கிறது, எவன் பாயசத்தை அடிப்பிடிக்க விட்டான் என்று அதிலேயே தெரிந்துவிடும். சத்தமான பேச்சு. சாலையின் இந்தப் பக்கம் பட்டன் கட்டிக்கொண்டிருக்கிற எனக்கு அவளுடைய வீட்டு விஷயங்களை ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்ட நாளிலிருந்து அந்தக் குரல்தான் எனக்கு ரேடியோ.

அவள் புருஷன் ராகவனுக்குச் சந்தையில் சுமை இறக்குகிற வேலை. நீலச் சட்டை, தலையில் சும்மாடு, வாயில் பேச்சு குறைவு. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், ஆறு. மலையில் பெருமழை பெய்து சாலக்குடிப்புழை சிவந்து வந்தால் கூடவே மரமும் வரும். முறிந்த கிளை, பெயர்ந்த வேர், சிலசமயம் முழு அடிமரம். கரையில் நின்று கொக்கிக் கயிறு வீசி அதைப் பிடித்து இழுக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். ராகவன் வீசினால் கொக்கி தப்பாது. வருஷம் முழுக்க அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த மரத்தில்தான்.

ஹைமேச்சிக்கு அது பிடிக்காது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் கொட்டகைக்குள் ஆறு புகுந்து அவளுடைய அண்டாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. ஒன்று சர்ச் மைதானத்தில் கிடைத்தது, ஒன்று யாரோ ஒருவரின் ஜாதிக்காய்த் தோட்டத்தில் மரக்கிளையில் தொங்கியது. அதிலிருந்து ஆறு பெருகினால் அவள் கரைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

“அந்த ஆத்தையே கட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினீங்க?” என்பாள்.

“ஆத்துக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியாதே ஹைமே” என்பார் ராகவன், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டே.

இப்படி இருந்த வீட்டுக்கு ஒரு வெயில் காலத்தில் டெல்சன் வந்தான். மாளா சந்திப்பில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறவன். மகளுடைய முதல் குர்பானை, அதாவது புதுநன்மை விருந்துக்குப் பாத்திரம் சொல்ல வந்தவன், பாத்திரத்தைப் பார்க்காமல் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து ஒரு வேரை இழுத்து எடுத்தான். கருத்து, முறுக்கி, நடுவில் குகைபோல ஓட்டை விழுந்த வேர்.

“சேச்சி, இதை எரிக்கப் போறீங்களா?”

“பின்னே, கொஞ்சப் போறேனா?”

“எனக்குத் தாங்க. மீன் தொட்டிக்குள்ள வைக்கணும்.”

“மீன் என்னடா பண்ணும் விறகை வச்சு? அதுவே தன்னைப் பொரிச்சுக்குமா?”

அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். மீனுக்கு ஒளிய இடம் வேண்டும், கண்ணாடிக்குள் நாலு பக்கமும் வெளிச்சமாக இருந்தால் மிரளும். இப்படி ஒரு வேர் இருந்தால் அதன் அடியில் வீடு மாதிரி குடியிருக்கும். ஆனால் ஆற்று மரத்தை அப்படியே போட முடியாது. அழுகின பாகம் தண்ணீரைக் கெடுக்கும், உள்ளே பூச்சி இருக்கும், சாயம் இறங்கும், போதாததற்கு மிதக்கும். வேகவைக்க வேண்டும். அங்கேதான் அவனுக்குச் சங்கடம்.

“வீட்ல பிரியாணிச் செம்புல வேகவச்சேன் சேச்சி. பொண்டாட்டி ஜின்ஸி ஒரு வாரம் எங்கிட்டப் பேசலை.”

“ஒரு வாரம்தானா? நல்ல பொண்ணா இருப்பா போல. நானா இருந்தா உன்னையும் சேர்த்து வேகவச்சிருப்பேன்.” சொல்லிவிட்டு அந்த வேரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “மழைக்காலம் வரட்டும். என் அண்டா எல்லாம் சும்மாதான் கிடக்கும். ஒரு ஆனைக்குட்டியை வேணும்னாலும் வேகவச்சுத் தரேன்.”

வாய் விளையாட்டாகச் சொன்னது, மழை வந்ததும் நிஜமானது.

அவர்கள் மூவருக்கும் தெரிந்தது தனித்தனி. டெல்சனுக்கு மீன் தெரியும். ராகவனுக்கு மரம் தெரியும். ஹைமேச்சிக்கு அடுப்பு தெரியும். மற்றதையெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றார்கள்.

முதல் வேரை ஹைமேச்சி பாத்திரம் தேய்க்கிற மாதிரியே சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவி, பெருமையோடு அனுப்பினாள். மரம் சோப்பைக் குடித்து வைத்திருந்தது. டெல்சன் தொட்டியில் போட்ட அன்றைக்கே தண்ணீர்மேல் நுரை கட்டி, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தது. நல்லவேளை, அவன் பக்கத்தில் இருந்ததால் அள்ளி வேறு தண்ணீரில் விட்டான். வேர் அடுப்புக்குப் போனது. அப்புறம் சோப்பு நிறுத்தம், ப்ளீச்சிங் பவுடர் நிறுத்தம். தேங்காய் மட்டை நாரும் வெறும் தண்ணீரும்தான்.

செம்பு அண்டாவும் வேண்டாம் என்று டெல்சன் சொல்லிவிட்டான். செம்பு ஊறினால் மீனுக்கு ஆகாதாம். அதனால் வயிறு நசுங்கி எந்த விருந்துக்கும் போக லாயக்கில்லாத ஒரு அலுமினிய அண்டாவுக்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கினாள். அதில் வேரை முழுக்க மூழ்கவிட்டு, மேலே அம்மிக் குழவியை வைத்து அமுக்கி, கொதிக்கவிடுவாள். முதல் தண்ணீர் பால் ஊற்றாத கட்டன் சாயா மாதிரி இறங்கும். சந்தைக்குப் போகிற ஆட்கள் எட்டிப் பார்த்து, “ஹைமேச்சி, ஒரு கிளாஸ் ஊத்துங்க, சர்க்கரை குறைச்சு” என்பார்கள். “குடிச்சா நீயும் தொட்டிக்குள்ள போகணும், பரவால்லையா?” என்பாள். அதைக் கொட்டிப் புதுத் தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி கொட்டு. சாயம் வெளுத்து வந்த பிறகு, பாத்திரம் கழுவுகிற சிமெண்ட் தொட்டியில் கல்லைக் கட்டி ஊறப்போடுவாள். கல்லை எடுத்தாலும் வேர் அடியிலேயே கிடந்தால்தான் அது தேறியது.

கொதிக்கவைப்பதற்கு முன் ராகவனின் வேலை. கத்தி முனையால் வேரை அங்கங்கே குத்திப் பார்ப்பார். பிஸ்கட் மாதிரி பொதுக்கென்று போகிற இடத்தைச் செதுக்கி எடுப்பார். ஒட்டியிருக்கிற பட்டையை உரிப்பார். பச்சை வாடை அடித்தாலோ பால் கசிந்தாலோ தூர வைத்துவிடுவார். என்ன மரம் என்று தெரியாததை எடுப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு.

தேறிய வேரை உடனே கொடுத்துவிடவும் மாட்டாள். டெல்சன் ஓரம் உடைந்த ஒரு கண்ணாடித் தொட்டியை அவள் வராந்தாவில் வைத்து அதில் கொஞ்சம் கப்பி மீன்கள் விட்டிருந்தான். வேர் சில நாள் அவற்றோடு கிடக்கும். மீன் சுறுசுறுப்பாகத் தின்று திரிந்தால்தான் வேர் வெளியே போகும். ஹைமேச்சி அந்த மீன்களுக்குத் தனக்குத் தெரிந்த சமையல்காரர்களின் பெயரை வைத்திருந்தாள். “இன்னிக்கு நாணுக்குட்டன் ஒண்ணும் தின்னலை, வேர் இன்னும் கொஞ்சம் ஊறட்டும்” என்று அவள் சொன்னபோது, நிஜ நாணுக்குட்டனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போனேன்.

ஊர் சும்மா இருக்குமா? ஹைமவதி பாயச அண்டாவில் மரத்தை வேகவைக்கிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. அடுத்து வரும் ஆவணியில், சிங்ஙத்தில், மகள் கல்யாணம் வைத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் வேலப்பன் மாஷ் குடையும் கையுமாக வந்துவிட்டார்.

“ஹைமவதி, நான் கேள்விப்பட்டது நிஜமா?”

“என்ன கேள்விப்பட்டீங்க?”

“அதை என் வாயால சொல்ல மாட்டேன்.”

“அப்ப மூக்கால பாருங்க” என்று கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

மாஷ் ஒவ்வொரு அண்டாவையும் நிமிர்த்தச் சொல்லி, உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். நான் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கடைசி அண்டாவிலிருந்து தலையை எடுத்தபோது அவருடைய கண்ணாடி உள்ளே விழுந்து ‘டங்’ என்றது.

“ஒண்ணும் மணக்கலை” என்றார்.

“மணக்காது மாஷே. மரம் வேகிறது அதோ, அந்தச் சிவப்புப் பெயின்ட் அடிச்சதுல மட்டும்தான். மரமண்டைகளை வேகவைக்க இன்னும் அண்டா வாங்கலை.”

மாஷ் முறைத்தார், பிறகு அவராலேயே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கல்யாணப் பாத்திரம் அவளிடமே உறுதியானது. போகும்போது அவருடைய பேரனுக்கென்று ஒரு சின்ன வேரையும் கேட்டு வாங்கிப் போனார்.

அந்த மழைக்காலத்தில்தான் சிஸ்டர் ஃப்ளவரி சொல்லி அனுப்பினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயதானவர்களுக்கான ஒரு இல்லத்தை நடத்துகிற கன்னியாஸ்திரி அவர். இல்லத்துக் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு மீன்தொட்டியை யாரோ அன்பளிப்பாகத் தந்திருந்தார்கள். டெல்சன்தான் அமைக்கிறான். நடுவில் வைக்க நல்ல பெரிய வேர் வேண்டும், இல்லத்துப் பெருநாளுக்குள் முடிந்தால் சந்தோஷம் என்றார் சிஸ்டர்.

ராகவனுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அதுவரை தன் வேர்கள் எங்கே போகின்றன என்று அவர் பார்த்ததில்லை. இது கண்ணுக்கு முன்னால், ஊரார் பார்க்கிற இடத்தில் இருக்கப்போகிறது. கொட்டகையில் இருந்த ஒன்றும் அவருக்குப் போதவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கொடுங்ஙல்லூர் கழிமுகத்தில் இருக்கிற தங்கை பாமினியைப் பார்க்கப் போனவர், திரும்பும்போது ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு வேரை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். மழைக்கு நனையாமல் அதற்குத் தன் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்து வந்தார்.

அழகான வேர்தான். நானும் போய்ப் பார்த்தேன். பத்துப் பாம்புகள் ஒன்றையொன்று பின்னி, மேலே விரித்த கை போல எழுந்து நின்றது.

“என் ஆயுசுக்கும் இப்படி ஒண்ணு கிடைச்சதில்லை” என்றார் ராகவன். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதும் இல்லை.

“என்ன மரம்?” என்று கேட்டாள் ஹைமேச்சி.

“மரம்தான்.”

“உங்களுக்குத் தெரியாத மரமா?”

“காயல் ஓரத்துல செத்துக் கிடந்தது. அங்கே உப்புத்தண்ணி குடிச்சு எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கு. நல்ல கட்டி மரம், குத்திப் பார்த்தேன், கத்தி இறங்கலை.”

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, பாதையில் கிடைத்த மயிலிறகை அவளிடம் கொடுத்தபோது அந்த முகம் அப்படி இருந்ததாம். பின்னாளில் என்னிடம் சொன்னாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அண்டாவை ஏற்றினாள்.

தண்ணீர் தளதளவென்று வந்தபோது, வழக்கம்போல மூடியை விலக்கி, வேரைப் புரட்டிப்போடக் குனிந்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் என் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

நான் ஓடினபோது ராகவன் அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்து, வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தார். “கண்ணு எரியுதே, கண்ணு எரியுதே” என்று அவள் கத்த, “திற, திற, கண்ணைத் திற ஹைமே” என்று அவர் அழுதார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டர் மறுபடி வெகுநேரம் கழுவி, சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டினார். பார்வைக்கு ஒன்றும் ஆகாது, உடனே தண்ணீர் விட்டதால் தப்பினீர்கள், சில நாள் வெளிச்சம் படாமல் இருக்கட்டும் என்றார்.

வெளியே நின்று ராகவன் தங்கைக்குப் போன் போட்டார். போனுக்குள்ளிருந்து பாமினி போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“அண்ணா, அந்தக் காயலோரத்து வேரா? அது கண்ணாம்பொட்டி அண்ணா! அதுல ஒரு சொட்டுப் பால் பட்டாலே கண்ணு போயிடும்னு இங்கே சின்னப் புள்ளைக்கும் தெரியுமே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

தில்லை மரம் என்று நம்மூரில் சொல்கிறோமே, அதுதான். ஆற்று மரமெல்லாம் அத்துப்படியான ராகவனுக்குக் காயல் மரம் தெரியாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் அந்த அண்டாத் தண்ணீரைக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்டாத மேட்டில் குழி வெட்டிக் கொட்டினார். வேரையும் அதிலேயே போட்டு மூடினார். எரித்தால் புகையும் கண்ணைக் கெடுக்கும் என்று பாமினி சொல்லியிருந்தாள். சிவப்பு அண்டாவைப் பழைய இரும்புக்காரனுக்குக்கூடக் கொடுக்காமல் கோடாரியால் நசுக்கி அதன்மேலேயே புதைத்தார். பிறகு கொக்கிக் கயிற்றைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தார்.

“இனி மரம் தொட மாட்டேன்” என்றார்.

கண் கட்டியிருந்த நாட்களில் ஹைமேச்சிக்கு அவர்தான் சமைத்துப் போட்டார். அவர் அவித்த புட்டு குழலிலிருந்து இறங்க மறுத்தது. தட்டித் தட்டி இறக்கினால் உருளைக்கட்டை மாதிரி முழுசாக விழுந்தது.

“இதென்ன, வேரா? ஊறப்போட்டீங்களா, அப்படியே தரீங்களா?” என்றாள் கட்டுக்குப் பின்னாலிருந்து.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “கண்ணு எரிஞ்சது ஒரு நாள்தான்” என்று என்னிடம் சொன்னாள். “அந்த மனுஷன் வாசப்படியில ஆத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது கட்டுக்குள்ளேயும் தெரியுது. அது தினமும் எரியுது.”

கட்டு அவிழ்த்து, கண்ணில் சிவப்பும் மாறிய பிறகு, மலையில் நல்ல மழை. காலையில் ஆறு நிறம் மாறி வந்தது. கரையில் ஆட்கள் கூவுகிற சத்தம். “ராகவேட்டா! மரம் வருது! எங்கே போனீங்க?” என்று யாரோ கூப்பிட்டார்கள். ராகவன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கூப்பிடுறாங்களே” என்றாள் ஹைமேச்சி.

“கூப்பிடட்டும்.”

“ஆறு வந்திருக்கு.”

“வரட்டும், போகட்டும்.”

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணில் கிடந்த கயிற்றை இழுத்து, தேங்காய்த் துருவல்மேலேயே விழுகிற மாதிரி அவர் மடியில் போட்டாள்.

“எழுந்திருங்க.”

“ஹைமே, நான் ஒருதடவை சொன்னா…”

“சொன்னது எனக்கும் கேட்டுச்சு. கண்ணைத்தான் கட்டியிருந்தாங்க, காதை இல்லை. அந்த மரத்தை நான்தானே அடுப்புல ஏத்தினேன்? தெரியாத மரம்னு ரெண்டு பேருக்கும்தான் தெரியும். தப்பு உங்க ஒருத்தரோட சொத்தா? பாதி எனக்குத் தாங்க. எழுந்திருங்க, நானும் வரேன்.”

“நீயா? ஆத்துக்கா?”

“உங்களுக்கு என்ன, வழி காட்டணுமா?”

நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். வெள்ளம் புகுந்த வருஷத்துக்குப் பிறகு ஹைமேச்சி பெருகின ஆற்றைப் பார்க்கிறாள் என்றால், அதைப் பார்க்காமல் எப்படி?

கரையில் நின்றவர்கள் அவளைக் கண்டதும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. புடவையை இடுப்பில் செருகி, கயிற்றின் ஒரு முனையை வாங்கி ஒரு ஜாதிக்காய் மரத்தில் சுற்றினாள், இழுத்துப் பார்த்தாள், திருப்தியில்லாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மறுமுனை கொக்கி ராகவன் கையில். “தண்ணிக்குள்ள ஒரு கால் வச்சாலும் கயித்தோட இழுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிடுவேன்” என்றாள். அவள் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

ராகவன் அவசரப்படவில்லை. ரெண்டு மூணு பெரிய மரங்களைப் போகவிட்டார். “அதோ! அதோ!” என்று ஹைமேச்சி எதைப் பார்த்தாலும் கூவினாள். ஒரு தடவை செத்த வாழையைப் பார்த்தும் கூவினாள். “சேச்சி, அதை வேகவச்சா கூட்டுதான் வரும்” என்றான் பக்கத்தில் ஒருவன். ஆறு வளைகிற இடத்தில் தண்ணீர் சுழன்று வேகம் குறைகிற ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு வேர் நுரைக்குள்ளிருந்து மெல்ல எழுந்தது. கொக்கி பறந்தது. விழுந்தது. கயிறு விறைத்தது.

“இழு!” என்றார் ராகவன்.

அவள் இழுத்தாள். நான் இழுத்தேன். சிரித்தவர்களும் வந்து இழுத்தார்கள். கரையில் சேற்றோடு வந்து விழுந்ததைச் சுற்றி ராகவன் ஒருமுறை நடந்தார். கத்தியால் ஒரு ஓரத்தைச் சீவி, உள்நிறத்தைப் பார்த்தார், மோந்தார், நாக்கில் வைக்காமல் விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“நீர்மருது” என்றார். “எங்க பாட்டன் காலத்துல செத்த மரம். வெறும் எலும்பு.”

“நிச்சயமா?”

“உன் பேர் ஹைமவதிங்கிறது எவ்வளவு நிச்சயமோ, அவ்வளவு.”

முன்னதைப் போல நிமிர்ந்து நிற்கிற அழகு அதற்கு இல்லை. தாழ்ந்து, அகலமாக, முழங்கை மடித்துப் படுத்த மாதிரி ஒரு வேர். டெல்சன் வந்து பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தான்.

“நல்லாத்தான் இருக்கு சேச்சி. ஆனா பெருநாள் வருதே. ஒரு கொதி விட்டு வச்சிடலாமா? அடியில சிலிக்கோன் வச்சுக் கல்லுல ஒட்டிட்டா மிதக்காது.”

“மிதக்காது. சாயமும் இறங்காதா? நான் ஒருதரம் அவசரப்பட்டது போதும்டா. சிஸ்டர்கிட்ட நானே பேசுறேன்.”

இல்லத்துக்குப் போய், கூச்சத்தோடு, பெருநாளுக்குள் முடியாது என்றாள். சிஸ்டர் ஃப்ளவரி அவள் கண்களை உற்றுப் பார்த்தார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

“ஹைமவதி, இங்கே இருக்கிறவங்க யாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடலை. மீன் முதல்ல வரட்டும், வேர் பின்னால வரட்டும். எதிர்பார்த்துக்கிட்டு இருக்க ஒண்ணு இருந்தா அதுவே இவங்களுக்கு நல்லது.”

அப்படியே ஆனது. புதுசாக வாங்கிய அலுமினிய அண்டாவில் பாதிபாதியாகப் புரட்டிப்போட்டு வேகவைத்தாள். இந்த முறை மூடியைத் திறக்கிறபோது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். ராகவன் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். “நான் வேகிறேனா, மரம் வேகுதா? போய் வேற வேலை பாருங்க” என்று விரட்டினாலும் எழவில்லை. நீர்மருது விடாமல் சாயம் இறக்கியது. அண்டா அண்டாவாகக் கட்டன் சாயா. சிமெண்ட் தொட்டியில் கல்லுக்கு அடியில் ஊறி, தண்ணீர் மாற்றி, மறுபடி ஊறி, ஒருநாள் கல்லை எடுத்தபோது அசையாமல் கிடந்தது. கப்பிகளோடும் சில நாள் ஓர் ஓரத்தை மட்டும் ஊறவிட்டாள். நாணுக்குட்டன் வயிறு புடைக்கத் தின்றான்.

வேரைக் கொண்டுபோய் வைத்த அன்று கூடத்தில் நாற்காலிகளெல்லாம் தொட்டியைப் பார்க்கத் திரும்பியிருந்தன. டெல்சன் தோள்வரை கையை விட்டு மணலில் பதித்தான். பகல் முழுக்க ஒதுங்கி நின்ற மீன்கள், சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக வேரடியில் நுழைந்து பார்த்தன.

சில நாளில் சிஸ்டரிடமிருந்து போன். வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கிறதாம். ராகவன் முகம் மறுபடி கறுத்துவிடுமோ என்று ஹைமேச்சிக்குப் பயம். டெல்சனையும் இழுத்துக்கொண்டு மூவருமாக ஓடினார்கள். டெல்சன் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டான்.

“இது புது மரத்துல வர்றதுதான் சேச்சி. தீங்கில்லை. நத்தை ரெண்டு விட்டுட்டுப் போறேன், தின்னு தீர்த்துடும்.”

“இதை முன்னாடியே சொல்லித் தொலைக்க மாட்டியா? வர்ற வழியில எத்தனை மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கேன் தெரியுமா?”

“நீங்க இந்துவாச்சே சேச்சி?”

“பயத்துக்கு மதம் ஏதுடா?”

தொட்டிக்கு மிக அருகில் சக்கர நாற்காலியில் இருந்த ஔஸேப்பு என்கிற கிழவர், ஒரு காலத்தில் மர அறுவை மில்லில் இருந்தவர், இதையெல்லாம் கேட்டபடி, “எனக்கு அந்தப் பஞ்சு பிடிச்சிருந்தது. கிறிஸ்துமஸ் சீக்கிரம் வந்த மாதிரி இருந்துச்சு” என்றார். பிறகு ராகவனைப் பார்த்து, “என்ன மரம் இது, புளியா?” என்று கேட்டார்.

“நீர்மருது” என்றார் ராகவன்.

“புளி.”

“நீர்மருது. நானே பிடிச்சேன்.”

“பிடிச்சவனுக்கு மீன் தெரியும், மரம் அறுத்தவனுக்குத்தான் மரம் தெரியும். புளி.”

ராகவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அங்கே போகிறார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை, இரண்டு பேருக்கும் முடிக்கிற உத்தேசமும் இல்லை.

சிங்ஙம் பிறந்து வேலப்பன் மாஷ் வீட்டுக் கல்யாணம் நடந்தது. பிறகு ஓணம், பிறகு வரிசையாகக் கல்யாணங்கள். ஹைமேச்சியின் கொட்டகை காலியாகவே கிடந்தது. கை ஓயாமல் வேலை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகவனைக் கூப்பிட்டு வரப் போனவள், தைத்த ஜாக்கெட்டுகளை சிஸ்டரிடம் கொடுக்க வந்த என்னையும் அங்கே பார்த்தாள்.

“கிளம்பலாம், பாத்திரம் திரும்பி வர்ற நேரம்” என்றாள் புருஷனிடம்.

“போகலாம்” என்றார் அவர், எழாமல்.

அவள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். தண்ணீரில் இளந்தேநீர் நிறம் லேசாக இருந்தது. வேரின் மடிப்புக்கு அடியில் மணலைக் கிளறுகிற சின்ன மீன்கள் கூட்டமாக இருந்தன. அதில் ஒன்று மட்டும் உள்ளேயே ஒதுங்கி, மீசையை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அப்படித்தான், கூச்சக்காரன், தீனி போட்டாலும் எல்லாரும் தின்றபிறகுதான் வருவான் என்றார் ஔஸேப்பு.

ஹைமேச்சி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பாத்திரம்?” என்றேன்.

“வந்தா வாசல்ல அங்கேயேதான் இருக்கும், ஓடியா போகும்? அந்தப் பையன் வெளியே வரட்டும், போகலாம்” என்றாள்.